அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்? அந்த வரியில எழுத எனக்கு ஒரு பேர் இல்ல

மூணாம்_மாடி:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க சத்தம் போடாம படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இதான் முதல் போஸ்ட், நீளமா போயிடுச்சுன்னா மன்னிச்சிடுங்க.

வேலைக்காக ஒரு பெரிய சிட்டிக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. எந்த சிட்டின்னு வேணும்னேதான் சொல்லல, சொன்னா "ஓ அந்த ஊரா, அங்க ஆளுங்க அப்படித்தான்"னு பேச்சு அந்தப் பக்கம் போயிடும், எனக்கு என்னமோ பிரச்சனை ஊர் இல்லன்னு தோணுது. எல்லாப் பக்கத்துல இருந்தும் ஆளுங்க வந்து சேர்ற ஊரு. பஸ்ல ஏறினா முன் சீட்ல ஒரு பாஷை, பின் சீட்ல ஒரு பாஷை, நடுவுல நின்னுட்டு போன் பேசுறவர் மூணாவது பாஷை, அந்த மாதிரி ஊருன்னு வச்சுக்கோங்க.

முதல் ரெண்டு மாசம் செமயா இருந்துச்சு. லீவு வந்தா போதும் கால் வீட்ல நிக்காது, எங்கயாவது கிளம்பிடுவேன், போட்டோவா எடுத்துத் தள்ளி அம்மாவுக்கு அனுப்பிட்டே இருப்பேன். அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல. வேலை நல்லாத்தான் போகுது, ரூம் ஓகே, பேங்க், சிம், டிராவல் கார்டு எல்லாம் செட் ஆயிடுச்சு, வழி கேட்டா சொல்ற அளவுக்கு ஏரியா தெரியும். ஆனா யாரோ வீட்டுக்கு விருந்தாளியா வந்துட்டு எப்ப கிளம்புறதுன்னு தெரியாம உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு. ஆபீஸ்ல என் பேர் வாய்ல நுழையலன்னு பாதியா வெட்டி ஒரு பேர் வச்சிட்டாங்க, நானும் சரின்னுட்டேன். இப்ப யாராச்சும் முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அது அம்மா மட்டும்தான், அதுவும் போன்ல.

விஷயத்துக்கு வரேன். போன வாரம் காய்ச்சல்னு கிளினிக் போனேன். ஒரு ஃபாரம் குடுத்தாங்க. பேர், வயசு, அட்ரஸ், அலர்ஜி எல்லாம் கடகடன்னு எழுதிட்டே வந்தேன். கடைசிக்கு முந்தின வரி: அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், பேர், உறவு, போன் நம்பர். அங்க பேனா நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு அம்மா நம்பரை எழுதினேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு நம்பரைப் பாத்துட்டு "உள்ளூர்ல யாராவது?"ன்னா. தப்பா எல்லாம் கேக்கல, சாதாரணமாத்தான் கேட்டா. டெய்லி எட்டு பேரோட ஒரே டேபிள்ல உக்காந்து சாப்பிடுறேன், ஒருத்தர் பேரையும் அங்க எழுத கை வரல. "இல்ல"ன்னேன். அவ அந்த இடத்துல சின்னதா ஒரு கோடு போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டா. காய்ச்சல் மூணு நாள்ல போயிடுச்சு, அந்தக் கோடு இன்னும் போகல.

என் கேள்வி இதுதான். இப்படி வந்து செட்டில் ஆனவங்க, உங்களுக்கு அந்த வரியில எழுத ஒரு உள்ளூர்ப் பேர் எப்ப கிடைச்சுது, எப்படிக் கிடைச்சுது? "வெளிய போங்க, நாலு பேரைப் பாருங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ். போறேன். பாக்குறேன்.

பஸ்_ஜன்னல்:

ப்ரோ நீங்க எழுதினதைப் படிச்சிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன், ஏன்னா எனக்கும் இதே வரிதான், ஆனா கிளினிக்ல இல்ல, ஜிம்ல சேரும்போது. நான் என்ன பண்ணேன் தெரியுமா, என்னோட இன்னொரு நம்பரையே எழுதிட்டேன் :) மயங்கி விழுந்தா எனக்கே போன் வரும்.

எனக்கு மாறினது ஒரு லூசுத்தனமான விஷயத்தால. முதல் வருஷம் பூரா பஸ்ஸு, ட்ரெயின், ஷேர் வண்டின்னு எது சீக்கிரம் போகும்னு ஆப் பாத்து பாத்து டெய்லி ஒரு ரூட்ல போவேன். அப்புறம் ஆப் பாக்குறதுல கடுப்பாகி ஒரே பஸ்ஸு, 7:50 வண்டி, எவ்ளோ லேட்டானாலும் அதுலதான்னு ஆரம்பிச்சேன். ஒரு மாசத்துல முகமெல்லாம் பழகிடுச்சு, எப்பவும் கதவுகிட்டயே நிக்கிற தாத்தா, பரிட்சைக்குப் படிச்சிட்டே வர ஒரு பையன், பெரிய பையோட ஒரு ஆன்ட்டி, ஏறினதும் தூங்கி சரியா அவர் ஸ்டாப்புக்கு முன்னாடி முழிக்கிற ஒருத்தர் (எப்படின்னு இன்னி வரைக்கும் புரியல). யாரோடயும் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அப்புறம் ஒரு நாள் நான் நாலு நாள் லீவு முடிஞ்சு ஏறுறேன், அந்த ஆன்ட்டி பாத்துட்டு கையை இப்படி விரிச்சு "எங்க போன?"ங்கற மாதிரி கேட்டாங்க, பாஷை கூட இல்ல, வெறும் கை. சத்தியமா சொல்றேன் அன்னிக்கு ஆபீஸ் போய் சேர்ற வரைக்கும் சிரிச்சிட்டே போனேன். என்னைக் காணோம்னு கவனிக்க இந்த ஊர்ல ஒரு ஆளு இருக்கு!

அதனால என் பதில் ஆளைத் தேடாதீங்க ப்ரோ, ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துல போய் நில்லுங்க, அவ்ளோதான்.

மூணாம்_மாடி:

ப்ரோ இல்ல, சிஸ் :) ஆனா அந்த ஆன்ட்டி கதைக்கு தேங்க்ஸ், ரெண்டு தடவை படிச்சேன்.

கணக்குப்புள்ள:

பஸ்_ஜன்னல் சொன்னதுக்கு ஒரு பேரே இருக்கு, "பழகின அந்நியர்". ஸ்டான்லி மில்கிராம்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1972ல எழுதினது. அவரோட ஸ்டூடண்ட்ஸ் ரயில்வே ஸ்டேஷன்ல காலைல நிக்கிறவங்களை போட்டோ எடுத்து, அடுத்த வாரம் அதே நேரத்துக்குப் போய் அந்த போட்டோவை அவங்ககிட்டயே குடுத்து இதுல யாரைத் தெரியும்னு கேட்டாங்க. சராசரியா ஒருத்தருக்கு நாலு பேர் முகம் தெரிஞ்சிருக்கு, பேசினதே கிடையாது. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, டெய்லி பாக்குற இடத்துல பேச மாட்டாங்க, அதே ரெண்டு பேர் எங்கயோ தூரமா வேற ஊர்ல பாத்துக்கிட்டா பேச வாய்ப்பு அதிகம்னு மில்கிராம் சொல்றார். அதாவது உறவு ஏற்கனவே இருக்கு, பேசுறதுக்கு ஒரு சாக்கு இல்லாமதான் நிக்குது.

சிஸ், உங்க கேள்வியில ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு, பிரிச்சுப் பாக்கலாம்.

ஒண்ணு அந்த "ரெண்டு மாசம் செம, அப்புறம் டவுன்". லிஸ்கார்ட்னு ஒரு நார்வேகாரர் 1955லயே ஸ்காலர்ஷிப்ல அமெரிக்கா போய்ட்டு வந்த 200 பேர்கிட்ட கேட்டு எழுதினார். ஆறு மாசத்துக்குள்ள திரும்பினவங்க நல்லா இருந்தேன்னாங்க, பதினெட்டு மாசத்துக்கு மேல இருந்தவங்களும் நல்லா இருந்தேன்னாங்க, நடுவுல ஆறுல இருந்து பதினெட்டு மாசம் இருந்தவங்கதான் மோசம். நீங்க எட்டாவது மாசம். ஆனா இதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. பின்னாடி வந்த ஆளுங்க ஒரே கும்பலை முதல் நாள்ல இருந்து தொடர்ந்து பாத்தப்போ பல பேருக்கு ஆரம்பமே மோசம், அப்புறம் மெதுவா சரியாச்சுன்னு வந்துச்சு. நான் இதை ஏன் சொல்றேன்னா, எட்டாவது மாசத்துல இப்படி இருக்கறது உங்க குணக்கோளாறு இல்ல, இத்தனையாவது மாசத்துல தானா சரியாகும்னு காலண்டர்ல வட்டம் போடவும் முடியாது.

ரெண்டாவது அந்த எட்டு பேர். 2018ல ஜெஃப்ரி ஹால்னு கன்சாஸ் யுனிவர்சிட்டி ஆளு ஒரு ஆராய்ச்சி போட்டார், அதுல ஒரு பாதி புதுசா ஊர் மாறி வந்த ஆளுங்ககிட்ட எடுத்தது. தெரிஞ்சவர் ஓரளவு சிநேகிதம் ஆக ஒண்ணா சுமார் 50 மணி நேரம், நிஜ ஃப்ரெண்டு ஆக 90, நெருக்கமான ஃப்ரெண்டு ஆக 200க்கு மேல. இதுல முக்கியமான பாயிண்ட்: ஒண்ணா வேலை பாக்குற நேரம் இதுல அவ்வளவா சேராது. ஆபீஸ் டேபிள்ல எட்டு மாசம் உக்காந்ததைக் கூட்டினா நூறு மணி நேரம் எப்பவோ தாண்டியிருக்கும், ஆனா அந்த மீட்டர் ஓடவே இல்ல. சும்மா இருக்கற நேரம், ஒண்ணா சுத்துறது, வெட்டிப் பேச்சு, இதுலதான் மீட்டர் ஓடும். அந்த எட்டு பேர்ல யாராவது ஒருத்தரோட, ஒரே ஒருத்தரோட, ஆபீஸ் காம்பவுண்டுக்கு வெளிய ரெண்டு மணி நேரம் இருந்திருக்கீங்களா?

மூணாம்_மாடி:

இல்ல. ஒரு தடவை கூட இல்ல. இப்ப யோசிச்சா எனக்கே ஆச்சரியமா இருக்கு.

ராத்திரி_ஷிஃப்ட்:

ஆராய்ச்சி சார் வந்துட்டாரு, இனி மீட்டர் போட்டு ஃப்ரெண்டு புடிங்க எல்லாரும்.

மேடம் நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஃப்ரெண்டு அப்புறம். முதல்ல பிழைப்பு. நான் வந்த புதுசுல ஒரு புரோக்கர் போட்டோ காட்டி அட்வான்ஸ் வாங்கிட்டுப் போயிட்டான், அதே போட்டோவைக் காட்டி இன்னும் மூணு பேர்கிட்ட வாங்கியிருக்கான், நாலு பேரும் ஒரே நாள் காலைல பெட்டியோட ஒரே வாசல்ல நிக்கிறோம். உள்ள ஒரு குடும்பம் வருஷக் கணக்கா குடியிருக்கு, அந்தம்மா கதவைத் திறந்து எங்க மூஞ்சியைப் பாத்துட்டு "நீங்களுமா?"ன்னாங்க. எங்களுக்கு முன்னாடியும் யாரோ வந்திருக்காங்க போல. அந்த நாலு பேர்ல ரெண்டு பேரோட அடுத்த ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல இருந்தேன். ஒருத்தன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது, ரெண்டு பேரும் இந்த ஊர் பாஷையை ஒரே அளவு கொலை பண்ணுவோம். இன்னிக்கு என் ஃபாரத்துல இருக்கற பேர் அவனோடதுதான்.

அதனால புதுசா வர்றவங்க யாராவது இதைப் படிச்சா: வீட்டைக் கண்ணால பாக்காம காசு குடுக்காதீங்க. பகல்ல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை பாருங்க, ராத்திரி பஸ் ஸ்டாப்ல இருந்து நடந்து பாருங்க, உள்ள போய் தாழ்ப்பாள் உள்பக்கம் ஒழுங்கா விழுதான்னு பாருங்க, பைப்பைத் திறந்து பாருங்க, போன் சிக்னல் பாருங்க. அக்ரிமெண்ட்ல உங்க பேர் ஐடி கார்டுல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும். ஒரு எழுத்து மாறினா பேங்க்காரன் அட்ரஸ் ப்ரூஃப் செல்லாதும்பான், பேங்க் கணக்கு இல்லன்னா வீட்டுக்காரர் யோசிப்பார், அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல பந்து மாதிரி போக வேண்டியதுதான். வேலைக்குச் சேந்த கம்பெனிகிட்ட முதல் நாளே லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்கி வச்சுக்கோங்க, பாதி கதவு அதுல திறக்கும்.

பாஷை: பத்து வார்த்தை போதும் ஆரம்பிக்க. எண்ணு, எவ்ளோ, எங்க, இங்க நிறுத்துங்க, மெதுவா சொல்லுங்க, போதும், நன்றி. தப்பா பேசுங்க. நான் ஒரு மாசம் "இங்க நிறுத்துங்க"ன்னு நினைச்சு "இங்க தூங்குங்க"ன்னு சொல்லிட்டு இருந்தேன், எல்லா டிரைவரும் சிரிச்சிட்டே நிறுத்தினான், ஒருத்தனும் திருத்தல. இது மாதிரி ஊர்ல உச்சரிப்பைப் பாத்து யாரும் கேலி பண்ண மாட்டாங்க, கவுண்டர்ல இருக்கறவன் காலைல இருந்து அம்பது விதமா கேட்டிருப்பான், நீங்க அம்பத்தொண்ணு.

பேரை மட்டும் வெட்ட விடாதீங்க. அது உங்க இஷ்டம்தான், இருந்தாலும் சொல்றேன்.

தனி_வழி:

ஒரு மாற்றுக் கருத்து. நம்ம பாஷை பேசுற ஆளுங்க குரூப் எந்தப் பெரிய ஊர்லயும் இருக்கும், வந்த உடனே அதுல போய் ஒட்டிக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்புன்னு நினைக்கிறேன். அந்தக் குரூப்ல நான் நாலு வருஷம் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அதே பன்னெண்டு பேரு, அதே பேச்சு, இந்த ஊரை திட்டுறது, நம்ம ஊரை மெச்சுறது. நாலு வருஷத்துல அந்த ஊர் ஆள் ஒருத்தர் வீட்டுப் படி ஏறினது கிடையாது. ஊர் மாறினதே வேஸ்ட்.

ராத்திரி_ஷிஃப்ட்:

பாஸ் நீங்க நாலு வருஷம் கழிச்சு சொல்றீங்க, வயிறு நிறைஞ்சவன் பேச்சு. காய்ச்சல்ல கிடக்கும்போது எனக்கு வலிக்குதுன்னு இரவல் பாஷையில சொல்லிப் பாருங்க. சிலதுக்கு சொந்த பாஷைதான் வேணும். வாரம் பூரா நாக்கைச் சுருட்டி வச்சிருக்கோம், ஒரு நாள் அவிழ்த்து விட்டா என்ன குறைஞ்சு போச்சு.

தனி_வழி:

அவிழ்த்து விடுங்க, யாரு வேணாங்கறா. ஒரு நாள் சரி. ஏழு நாளும் அதுவே ஆகிடும்ங்கறதுதான் என் அனுபவம்.

கணக்குப்புள்ள:

ரெண்டு பேரும் வேற வேற தேவையைப் பத்திப் பேசுறீங்க. மனசு ஆற நம்ம ஆளுங்க, சரி. ஆனா மார்க் கிரானவெட்டர்னு ஒரு சமூகவியல் ஆராய்ச்சியாளர் 1973ல, ஆள் மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட உங்களுக்குத் தகவல் சொன்னவரை அப்ப எவ்ளோ அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டார். பாதிக்கு மேல எப்பவாவது, கால்வாசிக்கு மேல ரொம்ப அபூர்வமா, அடிக்கடி பாக்குறவர்னு சொன்னது ஆறுல ஒருத்தர்தான். காரணம் சிம்பிள், நம்ம குரூப்புக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும், புதுசா ஒரு சேதி வரணும்னா அது வெளிய இருந்துதான் வரும். காலி வீடும் அப்படித்தான், நல்ல டாக்டரும் அப்படித்தான். ஞாயிறு குரூப்பும் இருக்கட்டும், பஸ் ஆன்ட்டியும் இருக்கட்டும்.

ஈரத்துணி:

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன் பா. நான் ஃபோரத்துல அதிகம் எழுதுற ஆள் இல்ல, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க. ஊர் மாறி வந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு, வரும்போது கைல ஒரு குழந்தை, ஏழு மாசம். அவர் காலைல போனா ராத்திரிதான். அந்த வீட்ல மொட்டை மாடி பொதுவு, அதுல நாலு கொடி, ஆளுக்கு ஒண்ணு. பக்கத்துக் கொடி ஒரு வயசான அம்மாவோடது. அவங்க பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அவங்களுக்குப் புரியாது, ரெண்டு பேரும் தலையை ஆட்டிட்டுப் போயிடுவோம், இப்படியே அஞ்சு மாசம்.

ஒரு நாள் திடீர்னு மழை. எனக்குக் குழந்தையைத் தூங்க வைக்கிற நேரம், மாடிக்கு ஓட முடியல, போனாப் போகுது நனையட்டும்னு விட்டுட்டேன். மழை விட்டு ஏறிப் போறேன், கொடியில ஒரு துணி இல்ல. எனக்கு முதல்ல திருட்டுன்னுதான் தோணிச்சு, பொய் சொல்ல மாட்டேன். இறங்கி வந்தா என் வாசப்படியில எல்லாத் துணியும் மடிச்சு வச்சிருக்கு, குழந்தை துணி தனியா, எங்க துணி தனியா, கிளிப்பெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல. அந்தக் குழந்தைச் சட்டையை அவங்க மடிச்சிருந்த விதம், ரெண்டு கையும் முன்னாடி கோத்து, எங்க அம்மா மடிக்கிற மாதிரியே. படியிலயே உக்காந்து அழுதுட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் நான் என்ன பண்ணேன்னா, போய் நன்றி சொல்லல, எனக்கு வார்த்தை தெரியாதே. ஒரு உதவி கேட்டேன். கொடி கட்டுற கம்பி ஒண்ணு தளர்ந்திருந்துச்சு, பிடிங்கன்னு சைகையில கேட்டேன், வந்து பிடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க என்கிட்ட கேக்க ஆரம்பிச்சாங்க, போன்ல வந்த மெசேஜ் என்னன்னு பாத்துச் சொல்லு, இந்த மாத்திரை எத்தனை மணிக்குன்னு. நாம குடுத்தா எதிராளிக்குக் கடன் மாதிரி ஆயிடுது மா, நாம கேட்டா அவங்களுக்கும் நம்மகிட்ட கேக்க ஒரு தைரியம் வருது. சின்னதா கேளு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வருவீங்களான்னு கேக்காத, பார்சல் வந்தா வாங்கி வைக்கிறீங்களான்னு கேளு. சாவி குடுக்கற அளவுக்கு வர எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அவங்க இப்ப இல்ல. அந்தக் குழந்தை காலேஜ் போறான்.

பஸ்_ஜன்னல்:

அக்கா...... ஒண்ணும் எழுத வரல.

கணக்குப்புள்ள:

அக்கா எழுதினதுக்குக் கீழ புள்ளிவிவரம் போடறது பாவம்தான், இருந்தாலும் அந்த மொட்டை மாடி விஷயம் நிஜம். லியோன் ஃபெஸ்டிங்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட்டும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டி குடியிருப்புல பண்ண ஆராய்ச்சி, 1950ல வந்துச்சு. அடுத்த கதவுக்காரங்க 41% பேர் நெருங்கிப் பழகுற ஆளா இருந்தாங்க, ரெண்டு கதவு தள்ளி 22%, அதே மாடியில அந்தக் கோடியில இருந்தா 10%. குணம், பிடிச்ச விஷயம் எல்லாம் அப்புறம், முதல்ல எத்தனை கதவு தள்ளிங்கறதுதான். மாடிப்படி, தபால் பெட்டி பக்கத்துல வீடு இருந்தவங்களுக்கு இன்னும் அதிகம், ஏன்னா எல்லாரும் அவங்களைத் தாண்டித்தான் போகணும். சிஸ், நீங்க மூணாம் மாடி. உங்க கதவு எங்க இருக்கு, லிஃப்ட் பக்கமா, கோடியிலயா?

மூணாம்_மாடி:

கோடியில :( எதிர்ல ஒரே ஒரு கதவு. ஒரு அம்மாவும் ஒரு சின்னப் பொண்ணும் இருக்காங்க, நான் வந்த பிறகுதான் குடி வந்தாங்க. லிஃப்ட்ல பாத்தா ரெண்டு பேரும் நம்பரைப் பாத்துட்டே நிப்போம், மூணு வர வரைக்கும் அதுல ஏதோ படம் ஓடுற மாதிரி. பேசினா தொந்தரவா நினைச்சுட்டாங்கன்னா? இங்க யாரும் யாரையும் பாக்கறதே இல்ல, அது எனக்குக் கொஞ்சம் பயமாவும் இருக்கு.

தனி_வழி:

அது திமிர் இல்லங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் முகத்தைப் பாக்குறவன் ஆயிரம் பேருக்கும் தலையாட்டினா கழுத்து ஒடிஞ்சிடும். ஜார்ஜ் சிம்மல்னு பெர்லின்காரர் 1903லயே இதை எழுதிட்டார், பெரிய ஊர்ல மனுஷன் தன்னைக் காப்பாத்திக்க ஒரு உறை போட்டுக்கறான்னு. எனக்கு இப்ப அது பிடிச்சே போச்சு, என்ன டிரெஸ் போட்டேன், எத்தனை மணிக்கு வந்தேன்னு கேக்க ஒருத்தர் இல்ல. ஆனா உறை கழட்ட முடியாதது இல்ல, யாராவது ஒருத்தர் முதல்ல கழட்டணும், அவ்ளோதான்.

கணக்குப்புள்ள:

தொந்தரவா நினைப்பாங்களோங்கற பயத்துக்கு மட்டும் ஒண்ணு சொல்லிட்டு நிறுத்திக்கிறேன். சிகாகோவுல எப்லி, ஷ்ரோடர்னு ரெண்டு பேர் ட்ரெயின்ல போறவங்களை மூணாப் பிரிச்சு, சிலரைப் பக்கத்து சீட் ஆளோட பேசச் சொன்னாங்க, சிலரைத் தனியா இருக்கச் சொன்னாங்க, சிலரை வழக்கம் போல. 2014ல வந்துச்சு. முன்கூட்டியே கேட்டப்போ தனியா போனாத்தான் நல்லா இருக்கும்னு நினைச்சாங்க, ஆனா நிஜத்துல பேசிட்டு போனவங்கதான் பயணம் நல்லா இருந்துச்சுன்னாங்க. பக்கத்து சீட் ஆளுக்குப் பேச இஷ்டம் இருக்காதுன்னு எல்லாரும் நினைச்சதுதான் கணக்கு தப்பின இடம். அந்த எதிர் வீட்டம்மாவும் லிஃப்ட்ல இதையே நினைச்சிட்டு நிக்கலாம்.

(அதுக்காகத் தூங்குறவரை எழுப்பிப் பேசாதீங்க. பஸ்_ஜன்னல், உங்களைத்தான்.)

ஈரத்துணி:

பார்சல் மா. பார்சல்ல ஆரம்பி.

மூணாம்_மாடி:

எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு வாரம் கழிச்சு வரேன், ஒரு அப்டேட் போடலன்னா மனசு கேக்காது.

முதல்ல சொதப்பினது. ஆபீஸ்ல அந்த எட்டு பேர்ல ஒருத்தியைச் சனிக்கிழமை வெளிய கூப்பிட்டேன், வரேன்னா, கடைசி நிமிஷத்துல வரல. அடுத்த வாரம் மறுபடியும் கேட்டேன் (கேக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் மெசேஜ் டைப் பண்ணி அழிச்சு டைப் பண்ணி அழிச்சு), வந்தா. ரெண்டு மணி நேரம் நடந்தோம், பேச ஒண்ணும் இல்லாம பாதி நேரம் கடைப் பலகையைப் படிச்சிட்டே நடந்தோம். மீட்டர்ல ரெண்டு மணி நேரம் போட்டுக்கிறேன் கணக்குப்புள்ள சார், மிச்சம் நாப்பத்தெட்டு.

ஆபீஸ்ல முழுப் பேர் சொல்லச் சொல்லியிருக்கேன். எட்டு பேரும் எட்டு விதமா சொல்றாங்க.

இனி எதிர் வீடு. ஈரத்துணி அக்கா சொன்ன மாதிரியே பார்சல். எனக்குப் பார்சலே வர வேண்டியது இல்ல, இதுக்குன்னே ஒரு டப்பா ஆர்டர் போட்டேன், வெக்கத்தை விட்டு சொல்றேன். பெல் அடிச்சு, நாளைக்கு நான் இருக்க மாட்டேன், வந்தா வாங்கி வைக்க முடியுமான்னு கேட்டேன். அந்தம்மா இந்த ஊர் பாஷை என்னை விடக் கொஞ்சம் மோசம், ரெண்டு பேரும் கையால பாதி பேசினோம். சாயங்காலம் போனா டப்பாவை அந்தச் சின்னப் பொண்ணு எடுத்துட்டு வருது, மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கு, நட்சத்திரம் போட்டது. ஒட்டக் கூடாதுன்னு அம்மா திட்டினாங்க போல, அதை உரிக்கப் பாத்து பாதி கிழிஞ்சிருந்துச்சு.

அப்புறம் லிஃப்ட்ல சிரிக்க ஆரம்பிச்சோம். அப்புறம் ஒரு நாள் அவங்க வீட்டு பல்பு மாத்த என் ஸ்டூலைக் கேட்டாங்க. இப்படியே மூணு வாரம்.

நேத்து ராத்திரி பெல் அடிச்சுது. அவங்கதான், கைல ஒரு ஃபாரம், பொண்ணை ஸ்கூல்ல சேக்கறதுக்கு. எல்லாம் நிரப்பியிருந்தாங்க, ஒரு இடத்துல விரலை வச்சுக் காட்டுறாங்க. எனக்கு அந்த வரியைப் படிக்கவே வேண்டியிருக்கல. அவங்க என்னைப் பாக்கல, ஃபாரத்தைப் பாத்துட்டே, உங்க பேர் எழுதலாமா, நான் வேலையில இருந்தா, ஏதாவதுன்னா, கூப்பிட மாட்டாங்க, சும்மா எழுதத்தான், ஸ்கூல்ல கேக்கறாங்கன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டே போறாங்க. நான் மட்டும்தான் இப்படி நின்னேன்னு எட்டு மாசமா நினைச்சிட்டு இருந்தேன், பத்து அடி தள்ளி இன்னொரு வீட்ல அதே கோடு.

எழுதுங்கன்னேன். பேர் கேட்டாங்க, சொன்னேன், மெதுவா எழுதினாங்க, ரெண்டு எழுத்து தப்பு. திருத்தல. உறவுங்கற இடத்துல கொஞ்சம் யோசிச்சுட்டு "எதிர் கதவு"ன்னு எழுதிட்டாங்க. அப்புறம் நான் ஒரு பேப்பரை எடுத்து அவங்க பேரையும் நம்பரையும் எழுதி வாங்கிக்கிட்டேன், அதுலயும் நான் ஏதோ தப்பாத்தான் எழுதியிருப்பேன்.

பஸ்_ஜன்னல்:

சிஸ் நான் இதை 7:50 பஸ்லயே படிச்சு கண்ணு கலங்கி உக்காந்திருக்கேன், அந்த ஆன்ட்டி என்ன ஆச்சுன்னு கையை விரிச்சுக் கேக்கறாங்க, நான் என்னன்னு சொல்றது இப்ப!!

ஈரத்துணி:

நல்லா இரு மா. அந்தக் குட்டிக்கு ஸ்டிக்கர் ஒரு அட்டை வாங்கிக் குடு.

ராத்திரி_ஷிஃப்ட்:

மேடம், ஸ்கூல் நேரத்துல போனை சைலண்ட்ல போடாதீங்க. அந்த நம்பரை சேவ் பண்ணி, சைலண்ட்ல இருந்தாலும் அதுக்கு மட்டும் ரிங் வர மாதிரி செட்டிங்ல வச்சிடுங்க, இன்னிக்கே.

மூணாம்_மாடி:

நேத்தே வச்சிட்டேன்.